கேமராவும் கையுமாக ஏன் திரிகிறோம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மதுரையில் ஒரு கம்பெனியில் கணக்கு பார்க்கிறேன். பதின்மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை விடிவதற்கு முன்னால் கேமராவைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவது வழக்கம். ஆபீஸிலும் சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்திலும் டீக்கடையிலும் திரும்பத் திரும்ப என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகள்தான் இவை. வாயால் சொன்ன பதில்கள் பெரும்பாலும் பாதியிலேயே நின்றுபோயின, அதனால் முழுசாக எழுதி வைக்கிறேன்.

காசு வராத இந்த வேலைக்கு ஏன் இத்தனை பேர் வருகிறார்கள்?

ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நான் பார்த்தவரை அதிகம் பேர் வருவது குழந்தை பிறந்த கையோடுதான். அப்புறம் பைக்கில் ஊர் சுற்றுகிறவர்கள், மலை ஏறுகிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள். மாமா வைத்துவிட்டுப் போன பழைய யாஷிகா கேமராவைத் துடைத்துப் பார்க்கப் போய் அப்படியே மாட்டிக்கொண்டவர் ஒருவர், சேர்ந்து படம் எடுக்கப் போகிற எங்கள் கூட்டத்தில் இருக்கிறார். இன்னொருவர் ஓய்வு பெற்று, அடுத்த வருடமே மனைவியையும் இழந்து, வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார முடியாமல் மகனுடைய கேமராவை எடுத்துக்கொண்டு வெளியே வந்தவர்.

என் காரணத்தையும் சொல்லிவிடுகிறேன். 2011ல் அப்பா இறந்தார். மாலை போட ஒரு படம் வேண்டும் என்று வீடு முழுக்கத் தேடினோம். அறுபத்தி நான்கு வயது வரை வாழ்ந்த மனிதர் தனியாக நிற்கிற படம் ஒன்றுகூட இல்லை. அக்கா கல்யாண ஆல்பத்தில் பின்வரிசையில், இரண்டு தலைகளுக்கு நடுவே, பாதி தோள் மறைந்து நிற்கிறார். ஸ்டுடியோக்காரர் அந்த முகத்தை மட்டும் வெட்டி எடுத்து, வேறு யாருடைய சட்டையையோ ஒட்டி, பின்னால் நீல நிறம் போட்டுக் கொடுத்தார். அந்தப் படம்தான் இன்றும் எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்குகிறது. அது அப்பாவின் முகம்தான், ஆனால் அந்தச் சட்டையை அவர் ஒரு நாளும் போட்டதில்லை. அடுத்த வருடம் போனஸ் வந்ததும் கேமரா வாங்கினேன். அம்மாவையாவது விடாமல் எடுத்து வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு எண்ணமே எனக்கு இல்லை.

கலை செய்யப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு கேமரா வாங்கியவரை நான் இதுவரை பார்க்கவில்லை. குழந்தை வளர்ந்துவிடும், அம்மாவுக்கு வயதாகிவிடும், ஊர் மாறிவிடும் என்ற பதைப்பில்தான் எல்லோரும் வாங்குகிறார்கள். ஆனால் வருகிற காரணம் ஒன்று, தங்குகிற காரணம் வேறு. குழந்தை நடக்க ஆரம்பித்ததும் பாதிப் பேருடைய கேமரா பீரோவுக்குள் போய்விடுகிறது. மீதிப் பேர் தங்கிவிடுவதற்குக் காரணம், நடுவிலே எங்கேயோ பார்ப்பதில் ருசி கண்டுவிடுகிறார்கள். அம்மா அடுப்படியில் காபி ஆற்றும்போது நாலு மணி வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து அந்த ஆவியில் கோடு கோடாக விழும். முப்பது வருடமாக அந்த வீட்டில் இருந்தும் அதை நான் பார்த்ததில்லை. கேமரா வாங்கிய மூன்றாவது மாதம் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்தது, இன்னும் விடவில்லை.

முன்பெல்லாம் ஊருக்கு ஒரு ஸ்டுடியோதானே, இப்போது ஏன் எல்லோரும் இதில் இறங்குகிறார்கள்?

ஆசை முன்பும் இருந்தது, காசு இல்லை. 1888ல் ஜார்ஜ் ஈஸ்ட்மேன் தன் முதல் கோடக் கேமராவை 25 டாலருக்கு விற்றார். அதில் 100 படத்துக்கான சுருள் உள்ளேயே போட்டிருக்கும், எடுத்து முடித்ததும் கேமராவை அப்படியே கம்பெனிக்கு அனுப்ப வேண்டும், அவர்கள் கழுவிப் பிரிண்ட் போட்டு, புதுச் சுருளும் மாட்டித் திருப்பி அனுப்புவார்கள். ரசாயனம், இருட்டறை எதுவும் தெரியாதவர்களும் படம் எடுக்கலாம் என்ற நிலை அங்கேதான் தொடங்கியது. 1900ல் ஒரு டாலருக்கு கோடக்கின் பிரௌனி கேமரா வந்தபோது சின்னப் பிள்ளைகள் கையில்கூடக் கேமரா புழங்கியது.

நம் பக்கம் அது மெதுவாகத்தான் வந்தது. அக்ஃபா கிளிக் 3 கேமரா வைத்திருந்த வீடு தெருவில் ஒன்றோ இரண்டோ இருக்கும், ஒரு சுருளுக்கு 12 படம். பிறகு வந்த 36 படச் சுருளை ஒரு வருடம் வைத்திருப்பார்கள், பொங்கலுக்கு நாலு, சித்திரைத் திருவிழாவுக்கு ஆறு, மிச்சம் யாராவது கல்யாணத்துக்கு. ஒவ்வொரு தடவை அழுத்தும்போதும் பிலிம், கழுவுகிற கூலி, பிரிண்ட் என்று காசு போகும். அதனால்தான் அப்பா மாதிரி ஆட்கள் எல்லாம் "என்னை எதுக்கு, பிள்ளைகளை எடு" என்று ஒதுங்கி நின்றார்கள். டிஜிட்டல் வந்ததும் அந்தக் கணக்கு போயிற்று. தப்பாக எடுத்தால் அழிக்கலாம், மறுபடி எடுக்கலாம். தப்பு செய்து கற்றுக்கொள்ள காசு கேட்காத வேலையில் ஆள் சேராமல் இருக்குமா?

கையில் மொபைல் இருக்கும்போது தனியாகக் கேமரா எதற்கு?

வேண்டியதில்லை. முதல் ஒரு வருடம் மொபைலே தாராளமாகப் போதும். பகல் வெளிச்சத்தில் எடுத்து போன் திரையிலேயே பார்க்கப் போகிற படத்துக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

தூரத்தில் இருக்கிற பறவை, வேகமாக ஓடுகிற காளை, இருட்டில் ஆடுகிற கூத்து, சுவரில் மாட்டுகிற அளவுக்குப் பிரிண்ட் என்று வரும்போதுதான் கேமராவின் பெரிய சென்சரும் (வெளிச்சத்தைப் பதிவு செய்கிற பாகம்) லென்சும் தேவைப்படும். இன்னொரு காரணமும் உண்டு, கடைக்காரர் சொல்ல மாட்டார். மொபைலில் படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ஆபீஸிலிருந்து செய்தி வரும், வங்கி விளம்பரம் வரும், மைத்துனர் அனுப்பிய வீடியோ வரும். கேமராவுக்கு யாரும் போன் பண்ண மாட்டார்கள். எங்கள் கூட்டத்தில் பாதிப் பேர் இந்த இரண்டு மணி நேர அமைதிக்காகவே கேமரா வைத்திருக்கிறோம் என்று வெளிப்படையாகச் சொல்வார்கள், அதுவும் முழு நியாயமான காரணம்தான்.

சரி, எந்தக் கேமரா வாங்கலாம்?

பழையது ஒன்று, நல்ல நிலையில், தெரிந்தவர் மூலமாக. புதுசாக வாங்கினாலும் கம்பெனிச் சண்டையில் இறங்காதீர்கள், நிக்கான், கேனான், சோனி, ஃபியூஜி எல்லாமே நன்றாகத்தான் எடுக்கின்றன. கையில் பிடித்தால் வசதியாக இருக்கிறதா, ஊரில் ரிப்பேருக்கு ஆள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். முதலில் வாங்கிச் சேர்க்க வேண்டிய லென்ஸ் 50 எம்எம் எஃப் 1.8. இருக்கிறதிலேயே விலை குறைந்த லென்ஸ்களில் ஒன்று. ஜூம் கிடையாது, அதனால் நீங்கள்தான் நடந்து கிட்டே போக வேண்டும், பின்னால் வர வேண்டும். அந்த நடையில் நிறையக் கற்றுக்கொள்வீர்கள்.

லோன் போட்டு லட்ச ரூபாய் லென்ஸ் வாங்குவது பற்றிக் கேட்டால் எப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

படம் எடுத்துக்கொண்டே இருந்தால் கண்ணால் பார்ப்பது போய்விடாதா?

அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்கு வைகைக்குள் நின்று பார்த்தால் இந்தக் கேள்வி எனக்கும் வரும். லட்சக்கணக்கான ஜனம், தங்கக் குதிரை கண்ணில் பட்ட நிமிடத்தில் கைகள் கூப்புவதற்குப் பதிலாகப் போனைத் தூக்குகின்றன. சாமியைத் திரை வழியாகப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபேர்ஃபீல்ட் பல்கலைக்கழகத்தில் லிண்டா ஹென்கல் என்ற உளவியல் பேராசிரியர், மாணவர்களை அருங்காட்சியகத்துக்கு அழைத்துப் போய், சில பொருள்களைப் படம் எடுக்கவும் சிலவற்றை வெறுமனே பார்க்கவும் சொன்னார். மறுநாள் கேட்டபோது படம் எடுத்த பொருள்கள்தான் குறைவாக நினைவில் இருந்தன. கேமரா பார்த்துக்கொள்ளும் என்று மனசு விட்டுவிடுகிறது. 2014ல் வெளியான அந்த ஆய்வை எல்லோரும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள், எனக்கு முக்கியமாகப் படுவது அடுத்த பகுதி. ஒரு பொருளின் குறிப்பிட்ட பாகத்தை மட்டும் ஜூம் செய்து எடுக்கச் சொன்னபோது ஞாபகம் குறையவில்லை, ஜூம் செய்யாமல் விட்ட பாகங்கள்கூட நினைவில் நின்றன. அதாவது, எதை எடுக்கிறோம் என்று யோசித்து எடுத்தால் பார்வை கெடுவதில்லை.

என் அனுபவமும் இதேதான். சும்மா நூறு தடவை அழுத்திவிட்டு வந்த கல்யாணங்களில் மணமகள் என்ன நிறச் சேலை கட்டியிருந்தாள் என்றுகூட எனக்குச் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு தடவை அழகர் திருவிழாவில், கருப்பசாமி வேஷம் கட்டித் தோல்பையில் தண்ணீர் பீய்ச்சுகிற ஒரு பெரியவரை மட்டும்தான் எடுப்பது என்று முடிவு செய்துகொண்டு இரண்டு மணி நேரம் அவர் பின்னாலேயே போனேன். அவர் கால் சலங்கையின் தேய்மானம், பீய்ச்சும்போது கண்ணை இடுக்குகிற விதம், ஒரு பேத்தி வந்து அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டது எல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. (போகிறவர்கள் கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பை கட்டிக்கொள்ளுங்கள், தண்ணீர் எந்தப் பக்கம் இருந்து வரும் என்று சொல்ல முடியாது.)

சாமி கும்பிட வேண்டிய நேரத்தில் கேமராவைத் தோளில் போட்டுவிட்டுக் கும்பிடுங்கள். அதற்கும் பயிற்சி வேண்டும்.

இதற்குப் பிறவித் திறமை வேண்டாமா?

வேண்டாம். முதல் வருடம் நான் எடுத்தவற்றில் வைத்துக்கொள்ளத் தகுந்தது பத்துப் படம்கூடத் தேறாது. எங்கள் கூட்டத்தில் இன்றைக்கு மிக நன்றாக எடுக்கிற பெண்ணும் அப்படித்தான் தொடங்கினார்.

கற்றுக்கொள்ள வேண்டிய தொழில்நுட்பம் கொஞ்சம்தான். குழாயில் குடம் பிடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். குழாய் எவ்வளவு அகலம் என்பது அபெர்ச்சர், எவ்வளவு நேரம் திறந்து வைக்கிறோம் என்பது ஷட்டர். குடம் நிறைந்தால் படம் சரியான வெளிச்சத்தில் வரும். ஐஎஸ்ஓ என்பது கிடைத்த வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்பது, கூட்டிக்கொண்டே போனால் படத்தில் மணல் தூவினாற்போல் புள்ளிகள் வரும். பறக்கிற கொக்குக்கு ஷட்டர் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு வேண்டும். நின்று பேசுகிற மனிதருக்கு 125ல் ஒரு பங்கு போதும். அபெர்ச்சரை அகலமாகத் திறந்தால் முகம் மட்டும் துல்லியமாக இருந்து பின்னணி கரைந்துபோகும், சுருக்கினால் முன்னும் பின்னும் தெளிவாகத் தெரியும். இவ்வளவையும் ஒரு வாரத்தில் புரிந்துகொள்ளலாம், கைக்குப் பழக ஆறு மாதம் ஆகும்.

மீதி எல்லாம் வெளிச்சம். சூரியன் எழுந்து ஒரு மணி நேரம், மறைவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், வெயில் சாய்வாக வரும், பொன் நிறமாக இருக்கும், முகத்தில் கடுமையான நிழல் விழாது. மதுரை உச்சிவெயிலில் எடுத்தால் எல்லார் கண்ணுக்குக் கீழேயும் கறுப்புக் குழி விழும். அதனால்தான் நாங்கள் அதிகாலையில் எழுந்திருக்கிறோம்.

எங்கள் ஊரில் எடுக்க ஒன்றுமே இல்லையே?

இந்தக் கேள்வியை மதுரைக்காரர்களே என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மீனாட்சியம்மன் கோயிலுக்குள் கேமரா கொண்டுபோக முடியாது, வேறு என்ன இருக்கிறது என்பார்கள்.

1858ல் லின்னேயஸ் டிரைப் என்ற ஆங்கிலேய ராணுவ அதிகாரி, சென்னை மாகாண அரசின் போட்டோகிராபராக, கருவிகளையும் ரசாயனங்களையும் மாட்டுவண்டிகளில் ஏற்றிக்கொண்டு மதுரைக்கு வந்தார். திருமலை நாயக்கர் மகால், புது மண்டபம், தெப்பக்குளம் எல்லாவற்றையும் எடுத்தார். அவர் எடுத்த படத்தில் மகால் சிதிலமாக நிற்கிறது, நேப்பியர் பிரபு கவர்னராக இருந்து அதைப் பழுது பார்த்தது அதற்குப் பிறகு, 1866க்கு மேல்தான். தஞ்சாவூர் பெரிய கோயிலில் அவர் அடிப்பீடத்துக் கல்வெட்டுகளை வரிசையாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, 19 அடிக்கு மேல் நீளமான ஒரே படமாக ஆக்கினார். அந்தக் காலத்துக் கருவியை வைத்துக்கொண்டு நம் வெயிலில் அதைச் செய்ய எவ்வளவு பொறுமை வேண்டும் என்று நினைத்துப் பார்க்கிறேன். மதுரையில் அவர் எடுத்தவை நாம் தினமும் கடந்துபோகிற தூண்கள்தான். நம் கண்ணுக்கு அவை பழகிப்போய்விட்டன, அவ்வளவுதான்.

நான் புதிதாக வருகிறவர்களிடம் அழுத்திச் சொல்கிற ஒரே விஷயம் இதுதான்: ஊர் ஊராக அலையாதீர்கள், ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போங்கள். எனக்கு அது வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம். நான் தொடங்கிய காலத்தில் அது பெரும்பாலும் வறண்டு கிடக்கும், நடுவில் மைய மண்டபம், சுற்றிலும் பையன்கள் ஏழெட்டு கிரிக்கெட் மேட்ச் ஒரே நேரத்தில் ஆடிக்கொண்டிருப்பார்கள், எந்தப் பந்து யாருடையது என்று அவர்களுக்கு மட்டும் தெரியும். அப்போது எனக்கு அது அழகில்லாத படமாகத் தெரிந்தது, தண்ணீர் இருந்தால் நன்றாக இருக்குமே என்று புலம்பிக்கொண்டே எடுத்தேன். பிறகு வைகையிலிருந்து வாய்க்கால் வழியே தண்ணீர் கொண்டுவந்து நிரப்பினார்கள். குளம் நிறைந்து, மண்டபத்தின் நிழல் தண்ணீரில் விழுகிற காட்சியை இப்போது ஊரே வந்து எடுக்கிறது. அந்தக் கிரிக்கெட் படங்கள் என்னிடம் இருக்கின்றன. அதில் பந்து வீசுகிற பையன்களில் ஒருவன் போன வருடம் தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அதே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான், பழைய படத்தைப் போனில் காட்டினேன். சத்தமே இல்லாமல் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு தடவை போனால் கிடைப்பது சுற்றுலாப் படம். முப்பதாவது தடவை போகும்போதுதான் எந்த மாதம் வெயில் எந்தப் படியில் விழும், எந்தப் பாட்டி எத்தனை மணிக்குக் கோலம் போடுவார், மழைக்கு முன்னால் தட்டான்கள் எந்தப் பக்கம் தாழப் பறக்கும் என்பதெல்லாம் தெரிய வரும். நம் ஊர் நமக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தது எவ்வளவு மேலோட்டம் என்று அப்போது புரியும். இந்தப் பொழுதுபோக்கு ஒருவரைப் பிடித்து வைத்துக்கொள்வது இந்த இடத்தில்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பறவை எடுக்கிறவர்கள் மட்டும் ஏன் அவ்வளவு தீவிரமாக இருக்கிறார்கள்?

பறவை உங்களுக்காக நிற்காது. அந்த ஒரு காரணம் போதும். இந்த வகையில் தமிழர்களுக்கு ஒரு முன்னோடி உண்டு, மா. கிருஷ்ணன் (1912–1996). காட்டுயிர் பற்றி ஐம்பது வருடத்துக்குக் கிட்ட எழுதினார், கறுப்பு வெள்ளையில் எடுத்தார். கடையில் கிடைக்கும் கேமரா தன் வேலைக்குச் சரிப்படவில்லை என்று பல கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒன்றைக் கட்டிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரும் வைத்திருந்தார். யானையின் நடத்தையைப் பார்த்துப் பார்த்துப் புரிந்துகொண்ட பிறகு எடுத்த படங்கள் அவருடையவை. படத்தைவிடப் பார்ப்பது முக்கியம் என்று அவர் வேலையைப் பார்த்தாலே தெரியும்.

மதுரைக்குப் பக்கத்தில் மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி இருக்கிறது. 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம். அங்கே பாறைகளில் லகர் வல்லூறு, ஷாகீன் வல்லூறு எல்லாம் இருக்கின்றன. வெறும் பாறை என்று நினைத்துப் போகிறவர்கள் அண்ணாந்து பார்த்தால் பிறகு அடிக்கடி வருவார்கள்.

ஒரு வேண்டுகோள், கண்டிப்பாகவே சொல்கிறேன். கூட்டை எடுக்காதீர்கள். கூட்டுக்குப் பக்கத்தில் ஆள் நடமாடினால் தாய்ப்பறவை குஞ்சுகளை விட்டுவிட்டு எழுந்து போகும், அந்த நேரத்தில் வெயிலோ காக்கையோ வேலையை முடித்துவிடும். நல்ல வெளிச்சத்துக்காகக் கிளையை ஒடிப்பது, போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு வரவழைப்பது, பறக்க வைக்கக் கல் எறிவது எல்லாம் நான் நேரில் பார்த்தவை. அப்படிக் கிடைக்கிற படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் எங்கள் கூட்டத்தில் அதை யாரும் பாராட்டுவதில்லை.

தெரியாத மனிதர்களை எப்படிப் படம் எடுப்பது? திட்ட மாட்டார்களா?

கேட்டுவிட்டு எடுங்கள். கேட்டால் முகம் இயல்பாக இருக்காது என்பார்கள், உண்மைதான், முதல் மூன்று படத்துக்கு இருக்காது. அதற்குப் பிறகு அவர்கள் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்கள், நீங்கள் நின்றுகொண்டிருக்கலாம். தூரத்திலிருந்து பெரிய லென்ஸில் திருட்டுத்தனமாக எடுப்பது எனக்குப் பிடிக்காது. குளித்துக்கொண்டிருப்பவர், அழுதுகொண்டிருப்பவர், குடித்துவிட்டு விழுந்து கிடப்பவர் இவர்களை எடுக்கவே கூடாது. குழந்தைகளை எடுக்கும் முன் பெற்றவர்களிடம் கேளுங்கள். வேண்டாம் என்று கையை ஆட்டினால் கும்பிடு போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள்.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டுக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். மல்லிகை மூட்டை மூட்டையாக வந்து இறங்கும், எல்லோரும் அவசரத்தில் இருப்பார்கள். நான் முதல் இரண்டு வாரம் கேமராவை வெளியே எடுக்கவே இல்லை, டீ குடித்தேன், பூ வாங்கினேன். மூன்றாவது வாரம் ஒரு அக்காவே "என்ன தம்பி, பைக்குள்ள என்ன, படம் எடுக்குறதா? எடு, சீக்கிரம் எடு" என்றார். அடுத்த வாரம் அந்தப் படத்தைப் பிரிண்ட் போட்டுக் கையில் கொடுத்தேன். அது மார்க்கெட் முழுக்கக் கைமாறிப் போய்விட்டு அவரிடம் திரும்பி வந்தது. அன்றிலிருந்து அங்கே எனக்குத் தடையே இல்லை.

அதே மார்க்கெட்டில் மூட்டை இறக்குகிற ஒரு ஐயா, எழுபது வயதுக்கு மேல் இருக்கும், பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்: "எனக்குத் தனியா ஒண்ணு எடுத்துக் குடு தம்பி. நாளப்பின்ன மாட்டி வைக்க ஆகும்." எனக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, தோளில் மடித்துப் போட்டு, நிமிர்ந்து நின்றார். பத்துக்குப் பன்னிரண்டு அளவில் பிரிண்ட் போட்டு, சட்டம் போட்டுக் கொடுத்தேன். அவர் போட்டிருந்தது அவருடைய சட்டைதான்.

பெண்கள் தனியாக இப்படிப் போக முடியுமா?

எங்கள் கூட்டத்தில் ஆறு பெண்கள் இருக்கிறார்கள். விடியற்காலை இருட்டில் தனியாகக் கிளம்ப வீட்டில் விடமாட்டார்கள் என்பதுதான் அவர்கள் எல்லோரும் சொன்ன முதல் தடை, அதனால்தான் சேர்ந்து போக ஆரம்பித்தோம். இப்போது தொல்லையே இல்லை என்று சொல்லிவிட முடியாது, தெருவில் முறைத்துப் பார்க்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஆனால் ஒரு விஷயத்தில் அவர்களுக்கு எங்களைவிட வசதி உண்டு. எந்த வீட்டிலும் அடுப்படி வரைக்கும் அவர்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசுவார்கள், அந்தப் படங்களை எங்களால் எடுக்கவே முடியாது.

படம் போட்டால் லைக்கே வருவதில்லை, சோர்வாக இருக்கிறதே?

புரிகிறது. நானும் ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் போனைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தவன்தான். ஒரு கட்டத்தில் லைக் வரக்கூடிய படத்தை மட்டும் எடுக்க ஆரம்பித்திருந்தேன், சூரிய அஸ்தமனம், சிரிக்கும் கிழவி, மறுபடி சூரிய அஸ்தமனம். அம்மாவை எடுப்பதே நின்றுபோயிருந்தது. அது உறைத்ததும் ஒரு வருடம் எதையும் வெளியே போடவில்லை.

விவியன் மேயர் என்று ஒரு பெண்மணி. சிகாகோவில் மற்றவர் வீடுகளில் பிள்ளை வளர்க்கிற வேலையில் நாற்பது வருடம் கிட்ட இருந்தார். ஓய்வு நேரத்தில் ரோலிஃபிளெக்ஸ் கேமராவை மாட்டிக்கொண்டு தெருவில் எடுத்தது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட படங்கள். யாருக்கும் காட்டவில்லை, நிறையச் சுருள்களைக் கழுவக்கூட இல்லை. வாடகை கட்டாததால் அவருடைய பெட்டிகள் 2007ல் ஏலத்துக்குப் போயின, வாங்கியவர்கள் திறந்து பார்த்துத் திகைத்தார்கள். 2009ல், உலகம் தன் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முன்பே, அவர் இறந்துவிட்டார். யாருக்கும் காட்டாமலே இரு என்று சொல்லவில்லை. ஆனால் எடுப்பதிலேயே ஒரு மனுஷிக்கு வாழ்நாள் முழுக்கப் போதுமான ஏதோ ஒன்று கிடைத்திருக்கிறது. என் கூட்டத்தில் மூன்று பேர் என் படத்தை உட்கார்ந்து பார்த்து "இந்தக் கை ஏன் வெட்டுப்பட்டிருக்கு?" என்று கேட்பது எனக்கு ஆயிரம் லைக்கைவிட உதவுகிறது.

இதில் சம்பாதிக்கலாமா?

கல்யாணம், காதுகுத்து, பொருள் படங்கள் என்று சம்பாதிக்கிறவர்கள் இருக்கிறார்கள், கடுமையான உழைப்பு, அதற்கு மரியாதை உண்டு. புகழ்பெற்ற இந்தியப் போட்டோகிராபர் ரகு ராய்கூட சிவில் இன்ஜினியரிங் படித்துவிட்டு, அண்ணன் எஸ். பாலின் கேமராவைப் பார்த்து இந்தப் பக்கம் வந்தவர். ஆனால் பொழுதுபோக்கைத் தொழிலாக்கியதும் ஞாயிற்றுக்கிழமை போய்விடும். யோசித்துச் செய்யுங்கள்.

கேமராவை எப்படிப் பாதுகாப்பது?

நம் ஊர் ஈரப்பதத்துக்கு லென்ஸில் பூஞ்சை பிடிக்கும். பீரோவில் மாதக்கணக்கில் பூட்டிக் கிடக்கிற தோல் பைதான் அதற்குப் பிடித்த இடம், எனக்கு ஒரு லென்ஸ் அப்படித்தான் போயிற்று. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில், ஈரத்தை உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு வையுங்கள், நிறம் மாறினால் சூடாக்கிக் காய வைத்து மறுபடி போடலாம். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து, வாரம் ஒரு தடவை வெளியே எடுத்துப் பயன்படுத்துவது.

எடுத்த படங்களை என்ன செய்கிறீர்கள்?

2016ல் ஹார்ட் டிஸ்க் ஒன்று திடீரென்று நின்றுபோய் இரண்டு வருடப் படங்கள் போயின, அதில் அம்மா முதன்முதலாகக் கடலைப் பார்த்த நாளும் இருந்தது. மீட்கக் கொடுத்த கடையில் பணம் வாங்கிக்கொண்டு காலி டிஸ்க்கைத் திருப்பிக் கொடுத்தார்கள். அதிலிருந்து எல்லாப் படங்களும் இரண்டு டிஸ்க்கில், ஒன்று என் வீட்டில், ஒன்று அக்கா வீட்டில்.

அப்புறம் பிரிண்ட். ஒவ்வொரு வருடமும் தை மாதம் உட்கார்ந்து, போன வருடப் படங்களில் நாற்பதை மட்டும் தேர்ந்தெடுத்து ஆல்பம் போடுகிறேன். ஆறாயிரத்தில் நாற்பதைப் பிரித்தெடுப்பது எடுப்பதைவிடக் கஷ்டம். அம்மா அந்த ஆல்பங்களை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்குக் காட்டுவார். போனில் காட்டினால் இரண்டு நொடியில் தள்ளிவிடுகிறவர்கள், ஆல்பத்தில் ஒரு பக்கத்திலேயே கதை பேசி நிற்கிறார்கள்.

நாளைக்கே தொடங்க வேண்டும், என்ன செய்ய?

உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு இடம் தேர்ந்தெடுங்கள், குளம், சந்தை, பஸ் ஸ்டாண்ட், கோயில் வாசல், எதுவானாலும் சரி. சூரியன் எழுகிற நேரத்துக்கு அங்கே இருங்கள். முதல் பதினைந்து நிமிடம் கேமராவைத் தொடாதீர்கள். பிறகு முப்பத்தாறு படம் மட்டும் எடுங்கள், அந்தக் காலத்துச் சுருள் மாதிரி. அடுத்த வாரமும் அதே இடம், அதே நேரம். வீடு திரும்பியதும் யார் வீட்டில் இருக்கிறார்களோ அவர்களை, அவர்கள் செய்துகொண்டிருக்கிற வேலையோடு, ஒரு படம் எடுங்கள். "என்னை எதுக்கு" என்பார்கள், பரவாயில்லை, எடுத்துவிடுங்கள். மெமரி கார்டு கேமராவுக்குள் இருக்கிறதா என்று கிளம்பும் முன் ஒரு தடவை திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.